தண்டவாளங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி? ரயில் பாதை கேஜ் பற்றி ஓர் அறிமுகம்

இரண்டு தண்டவாளங்கள், அடியில் ஸ்லீப்பர் கட்டைகள், சுற்றிலும் ஜல்லி. எந்த நாட்டுக்குப் போனாலும் ரயில் பாதை இப்படித்தான் தெரியும். ஆனால் போலந்தில் ஓடும் பெட்டியை அப்படியே பெலாரஸ் பாதையில் ஏற்ற முடியாது. பிரான்சின் வேகன் ஸ்பெயினின் பழைய பாதையில் உருளாது. இரு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி அங்கே வேறு, இங்கே வேறு. இந்த இடைவெளிக்குத்தான் கேஜ் என்று பெயர். அகலப்பாதை, மீட்டர் பாதை, குறுகிய பாதை என்று நாம் சொல்வதெல்லாம் இந்த ஒரே அளவை வைத்துத்தான்.

முதலில், எங்கிருந்து எங்கே அளப்பது? பலரும் தண்டவாளத்தின் நடுவிலிருந்து நடு வரை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி அல்ல. ஒரு தண்டவாளத் தலையின் உட்பக்கத்திலிருந்து எதிர்த் தண்டவாளத் தலையின் உட்பக்கம் வரை அளக்க வேண்டும். அதுவும் உச்சியில் அல்ல, உச்சியிலிருந்து சுமார் 14 மி.மீ. கீழே. தலையின் மேல் மூலை உருண்டையாக இருப்பதால் உச்சியில் கோலை வைத்தால் அளவு கூடுதலாகக் காட்டும். சக்கரத்தின் விளிம்பு பக்கவாட்டில் வந்து உரசும் இடமும் அந்தக் கீழ்ப்பகுதிதான்.

அளக்கும் கோல் பாதைக்குச் செங்குத்தாகக் கிடக்க வேண்டும். 1676 மி.மீ. பாதையில் கோலின் ஒரு முனை 10 செ.மீ. தள்ளிப் போனாலே அளவு 3 மி.மீ. கூடிவிடும். பாதை வேலையில் 3 மி.மீ. சின்ன விஷயம் இல்லை. அதனால் ஒரு முனையைத் தண்டவாளத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை முன்னும் பின்னும் மெல்ல நகர்த்திப் பார்ப்பார்கள். கிடைக்கும் அளவுகளில் எது மிகக் குறைவோ அதுவே சரியான கேஜ்.

சக்கரம் பாதையில் எப்படி நிற்கிறது?

இடைவெளியில் சில மில்லிமீட்டர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது சக்கரத்தைப் பார்த்தால்தான் புரியும். சாதாரண ரயில் பெட்டியில் இரண்டு சக்கரங்களும் நடுவில் உள்ள அச்சும் ஒரே கட்டாக இறுக்கப்பட்டிருக்கும். மூன்றும் சேர்ந்தே சுழலும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் உட்பக்கம் மட்டும் கீழே இறங்கிய விளிம்பு ஒன்று உண்டு. ரயில்வேக்காரர்கள் இதை பிளேஞ்ச் என்பார்கள்.

1435 மி.மீ. பாதையை எடுத்துக்கொள்வோம். அதில் ஓடும் சக்கர ஜோடியின் இரு உள்முகங்களுக்கும் இடையே சுமார் 1360 மி.மீ. இருக்கும். புதுச் சக்கரத்தில் விளிம்பின் தடிமன் ஏறக்குறைய 32 மி.மீ. இரண்டு விளிம்பையும் சேர்த்தால் 1424 மி.மீ. பாதையோ 1435. மிச்சம் 11 மி.மீ. சக்கரம் இடமும் வலமும் அசைந்துகொள்ள இருக்கும் இடம் இவ்வளவுதான். பாதை வேலை முழுக்க இந்த 11 மில்லிமீட்டரைக் காப்பாற்றும் வேலை என்றே சொல்லலாம்.

நேர்ப்பாதையில் ரயிலை நடுவில் வைத்திருப்பது விளிம்பு அல்ல. சக்கரத்தின் உருளும் பரப்பு தட்டையாக இருக்காது. விளிம்புப் பக்கம் பெரிதாகவும் வெளிப்பக்கம் சிறிதாகவும் கூம்பாகக் கடையப்பட்டிருக்கும். 20-க்கு 1 என்பது பழகிய சரிவு. வண்டி வலப்பக்கம் சற்று நகர்ந்தால் வலச் சக்கரம் தன் பெரிய வட்டத்தில் உருளும், இடச் சக்கரம் சிறிய வட்டத்தில் உருளும். அச்சு ஒன்றே என்பதால் வலச் சக்கரம் கொஞ்சம் முந்திப்போய், ஜோடி தானாகவே இடப்பக்கம் திரும்பும்.

வளைவிலும் இதே கூம்புதான் உதவுகிறது. ரயில் 90 பாகை திரும்புகிறது என்றால், வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தைவிட ஏறக்குறைய 2.36 மீட்டர் நீளமாக இருக்கும். 1435 பாதையில் தண்டவாளங்களின் மையங்களுக்கு நடுவே சுமார் 1500 மி.மீ.; அதற்கான கணக்கு இது. வளைவு பெரிதோ சிறிதோ, 90 பாகைக்கு வித்தியாசம் இதே 2.36 மீட்டர்தான். இரண்டு சக்கரமும் ஒரே சுற்று எண்ணிக்கையில் சுழன்றுகொண்டு இந்த வித்தியாசத்தை ஈடுகட்ட வேண்டும். 920 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் 5 மி.மீ. வெளியே நகர்ந்தால், கூம்பின் உதவியால் சுமார் 1400 மீட்டர் ஆரமுள்ள வளைவு வரை விளிம்பு தொடாமலே திரும்பிவிடும். அதைவிட இறுக்கமான வளைவில் விளிம்பு தண்டவாளத்தில் போய் அழுந்தும். வளைவுகளில் கேட்கும் கீச்சொலியும் உள்பக்கம் தேய்ந்துபோன தண்டவாளங்களும் இதனால்தான்.

கேஜ் குறைந்துபோனால் விளிம்பு இருபுறமும் உரசும். சக்கரமும் தண்டவாளமும் சீக்கிரம் தேயும். மோசமான நிலையில் விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறவும் கூடும். கூடிப்போனால் வண்டி பாம்புபோல நெளிந்து ஓடத் தொடங்கும், வேகம் ஏற ஏற நெளிவும் ஏறும். இன்னும் விரிந்தால் ஒரு சக்கரம் உள்ளே விழுந்துவிடும். உள்முக இடைவெளி 1360, ஒரு விளிம்பு 32, எதிர்ச் சக்கரத்தின் அகலம் 135. கூட்டினால் 1527 வருகிறது. ஆக 1435 பாதை கிட்டத்தட்ட 90 மி.மீ. விரிந்தால் சக்கரத்துக்கு நிற்க இடமே கிடையாது. தேய்ந்த விளிம்பு என்றால் அதற்கு முன்பே விழும். சும்மா கிடக்கும்போது சரியாக அளவு காட்டும் பாதையும், பிடிப்பான்கள் தளர்ந்திருந்தாலோ மரக்கட்டை உளுத்திருந்தாலோ, ரயிலின் எடை ஏறியதும் தண்டவாளம் வெளிப்பக்கம் சாய்ந்து விரிந்துகொடுக்கும். வளைவுகளில் வெறும் கோல் அளவை மட்டும் நம்பக்கூடாது என்பது இதனால்தான்.

எண்கள் எங்கிருந்து வந்தன?

1435 மி.மீ. என்பது 4 அடி 8½ அங்குலம். ரோமானியத் தேர்களின் அளவு அப்படியே இறங்கிவந்தது என்று ஒரு கதை ஓயாமல் சுற்றுகிறது. குதிரை இழுக்கும் வண்டிகள் எங்கே செய்தாலும் சுமார் ஐந்தடி அகலத்தில் அமைவது இயல்புதான். அதற்கு மேல் அந்தக் கதையில் சத்து இல்லை. வடகிழக்கு இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் குதிரைகள் வேகன் இழுத்த பாதைகள் பல அளவுகளில் இருந்தன. ஜார்ஜ் ஸ்டீபன்சன் வேலை பார்த்த கில்லிங்வொர்த் சுரங்கத்தில் அது 4 அடி 8 அங்குலம். கைக்குப் பழகிய அந்த அளவையே அவர் 1825-இல் ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதைக்கும் கொண்டுபோனார். சக்கரம் சற்றுத் தாராளமாக அசையட்டும் என்று அரை அங்குலம் பிறகு சேர்ந்தது. 1830-இல் திறந்த லிவர்பூல்–மான்செஸ்டர் பாதையின் வெற்றிக்குப் பிறகு, இங்கிலாந்தில் எஞ்சின் வாங்கியவர்களோடு இந்த அளவும் பல நாடுகளுக்குப் பயணமானது.

பொறியாளர் இசம்பார்ட் கிங்டம் புருனேல் இதை ஏற்கவில்லை. தன் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயை 7 அடி கால் அங்குலத்தில், அதாவது 2140 மி.மீ. அகலத்தில் போட்டார். வண்டிகள் வேகமாகவும் குலுங்காமலும் ஓடின. பொறியியல் கண்ணால் பார்த்தால் அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் குளோஸ்டர் நிலையத்தில் இரண்டு அளவுகளும் சந்தித்தபோது ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி ஏற்ற வேண்டியதாயிற்று. பாராளுமன்றம் விசாரித்து 1846-இல் சட்டமே போட்டது: பிரிட்டனில் புதிய பயணிகள் பாதைகள் இனி 4 அடி 8½ அங்குலம். கிரேட் வெஸ்டர்னின் கடைசி அகலப் பாதை 1892 மே மாதம் மாற்றப்பட்டது. எந்த அளவு சிறந்தது என்ற கேள்விக்கு இங்கே விடை கிடைக்கவில்லை. எந்த அளவில் அதிக மைல் பாதை ஏற்கெனவே கிடக்கிறது என்பதே முடிவைச் சொன்னது. பின்னாளில் எத்தனையோ நாடுகளிலும் இதுவேதான் நடந்தது.

இந்தியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்த டல்ஹவுசி பிரபு ஆறடி வேண்டும் என்றார். ரயில் கம்பெனிகள் இங்கிலாந்தின் அளவையே விரும்பின. கடைசியில் முடிவானது இரண்டுக்கும் நடுவில் 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மி.மீ. 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயிலிருந்து தாணேவுக்கு ஓடிய முதல் பயணிகள் ரயில் இந்த அளவில்தான் ஓடியது. 1870-களில் செலவைக் குறைக்க மேயோ பிரபு காலத்தில் இன்னொரு அளவு வந்தது. மெட்ரிக் முறையைக் கொண்டுவரும் எண்ணம் அப்போது இருந்ததால் அதைச் சரியாக 1000 மி.மீ. என்று வைத்தார்கள். மெட்ரிக் முறை வரப் பல பத்தாண்டுகள் ஆயின. மீட்டர் பாதை மட்டும் உடனே பரவியது.

யார் எதை வைத்திருக்கிறார்கள்?

உலகின் ரயில் பாதைகளில் பாதிக்கு மேல் 1435 மி.மீ. மேற்கு, நடு ஐரோப்பாவின் பெரும்பகுதி, வட அமெரிக்கா, சீனா எல்லாம் இதில் அடங்கும். அதனால்தான் இதற்கு ஸ்டாண்டர்ட் கேஜ் என்று பெயர்.

ரஷ்யாவும் முன்னாள் சோவியத் நாடுகளும் மங்கோலியாவும் 1520 மி.மீ. இது முதலில் சரியாக ஐந்தடி, அதாவது 1524 ஆக இருந்தது. சக்கரத்தின் ஆட்டத்தைக் குறைக்கப் பிற்பாடு 4 மி.மீ. இறுக்கினார்கள். பின்லாந்து இன்றும் 1524-இல்தான் இருக்கிறது. இந்த 4 மி.மீ. வித்தியாசத்தை முன்பு பார்த்த அந்த ஆட்ட இடைவெளியே விழுங்கிவிடுவதால் ஒரே வண்டி இரண்டிலும் ஓடும். ஸ்பெயினும் போர்ச்சுகலும் இதே வித்தையைத்தான் செய்தன. ஸ்பெயினுடையது ஆறு காஸ்டீலிய அடி, 1672. போர்ச்சுகலுடையது ஐந்து போர்ச்சுகீசிய அடி, 1664. இரண்டும் நடுவில் 1668-க்கு வந்து சேர்ந்தன.

1676 மி.மீ. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, வங்கதேசத்தின் ஒரு பகுதி, அப்புறம் கடல் தாண்டி அர்ஜென்டினா, சிலி. சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தின் பார்ட் நகர ரயிலும் இதே அளவு. அயர்லாந்து 1600 மி.மீ. 1067 மி.மீ. அளவில் தென்னாப்பிரிக்கா, ஜப்பானின் பழைய பாதைகள், நியூசிலாந்து, இந்தோனேசியா வருகின்றன. 1000 மி.மீ. தாய்லாந்து, மலேசியா, மியான்மர், வியட்நாம். மலையேறும் சிறு ரயில்கள் இன்னும் குறுகலானவை: கால்கா–சிம்லா 762, டார்ஜிலிங் 610.

ஆஸ்திரேலியாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே கண்டத்தில் விக்டோரியா 1600, நியூ சவுத் வேல்ஸ் 1435, குயின்ஸ்லாந்து 1067 என்று மூன்றும் போட்டார்கள். சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் நடுவே எல்லையில் உள்ள ஆல்பரியில் பயணிகள் இறங்கி மாற வேண்டியிருந்தது. இறங்காமல் போகும் ஒரே அளவுப் பாதை 1962-இல்தான் வந்தது.

அகலமானால் நல்லதா?

தொடக்கநிலையில் கேட்கப்படும் கேள்விகளில் இதுதான் முதல் கேள்வி. பதில்: பாதி ஆம்.

அகலமான பாதை மட்டம் பிசகினாலும் அதிகம் பொறுத்துக்கொள்ளும். ஒரு பக்கத் தண்டவாளம் 10 மி.மீ. தாழ்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1676 பாதையில் 4 மீட்டர் உயரத்தில் உள்ள பெட்டிக் கூரை சுமார் 23 மி.மீ. பக்கவாட்டில் சாயும். மீட்டர் பாதையில் அதே தவறுக்குக் கூரை 38 மி.மீ. சாயும். வளைவில் வெளித் தண்டவாளத்தை உயர்த்தும் கணக்கும் இப்படித்தான். 600 மீட்டர் ஆர வளைவில் 80 கி.மீ. வேகத்துக்குச் சமநிலை உயரம், அதாவது வண்டி வெளிப்பக்கம் தள்ளப்படாமல் இருக்க வெளித் தண்டவாளம் உயர வேண்டிய அளவு, 1676 பாதையில் சுமார் 147 மி.மீ., 1435-இல் 126, மீட்டர் பாதையில் 89. சாயும் கோணம் மூன்றிலும் ஒன்றேதான். ஆனால் 89-இல் ஏற்படும் 5 மி.மீ. பிசகு 147-இல் ஏற்படும் 5 மி.மீ. பிசகைவிடப் பெரிய பிசகு. குறுகிய பாதையைப் பராமரிப்பவரின் வேலை இன்னும் துல்லியமாக இருக்க வேண்டும்.

குறுகிய பாதையின் பலம் மலையில் தெரியும். இறுக்கமாக வளையும்; அதனால் பாறை வெட்டு, குகை, பாலம் எல்லாவற்றிலும் செலவு குறையும்.

ஆனால் சுமைக்கும் வேகத்துக்கும் கேஜ் மட்டுமே எல்லை போடுவதில்லை. தென்னாப்பிரிக்காவில் சிஷனிலிருந்து சல்தான்யா துறைமுகத்துக்கு இரும்புத்தாது போகும் 861 கி.மீ. பாதை வெறும் 1067 மி.மீ.தான். அதில் 342 வேகன் கோத்த ரயில்கள் ஓடுகின்றன. அதே நாட்டில் 1978-இல் 1067 பாதையில் சோதனை ரயில் ஒன்று மணிக்கு 245 கி.மீ. தொட்டது. கனமான தண்டவாளம், நெருக்கமான ஸ்லீப்பர், ஆழமான ஜல்லி, உறுதியான மண் இருந்தால் குறுகிய பாதையும் தாங்கும். இருந்தும், அன்றாடம் 200 கி.மீ.க்கு மேல் ஓட்ட வேண்டும் என்றபோது 1964-இல் ஜப்பான் ஷின்கான்செனுக்கு 1435-ஐத் தனியாகப் போட்டது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். தண்டவாள இடைவெளி வேறு, வண்டி எவ்வளவு அகல உயரம் இருக்கலாம் என்ற எல்லை வேறு. பிரிட்டனும் அமெரிக்காவும் ஒரே 1435 பாதைக்காரர்கள். ஆனால் பிரிட்டனின் பழைய குகைகளும் பாலங்களும் சின்னவை. இரண்டு கன்டெய்னரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அமெரிக்க ரயில் அங்கே நுழையவே முடியாது. கேஜ் ஒத்துப்போனாலும் வண்டி போகும் என்று பொருளில்லை.

இரண்டு அளவுகள் சந்திக்கும் இடத்தில்

மிகப் பழைய வழி, சரக்கை இறக்கி ஏற்றுவது. மூட்டைக்குப் பதில் கன்டெய்னர் வந்த பிறகு இது கிரேன் வேலையாகிவிட்டது. சீனாவுக்கும் கஜகஸ்தானுக்கும் நடுவே 1435-இலிருந்து 1520-க்குக் கன்டெய்னர்கள் இப்படித்தான் மாறுகின்றன.

பயணிகளை எழுப்பாமல் மாற்ற, போகியை, அதாவது பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தை, மாற்றுவார்கள். போலந்து எல்லையில் உள்ள பெலாரஸின் பிரெஸ்ட் நகரம் இதற்குப் பேர்போனது. பெட்டிகளைக் கழற்றி, ஒவ்வொன்றையும் ஜாக்கியால் தூக்கி, அடியில் உள்ள 1435 போகியை உருட்டி வெளியேற்றி, 1520 போகியை உள்ளே தள்ளி இறக்குவார்கள். மணிக்கணக்கில் நேரம் பிடிக்கும் வேலை.

சக்கரமே அகலம் மாறும் வழியும் உண்டு. ஸ்பெயினின் டால்கோ வண்டிகளில் இடச் சக்கரத்தையும் வலச் சக்கரத்தையும் இணைக்கும் அச்சு கிடையாது. மாற்றும் கொட்டகைக்குள் ரயில் மெதுவாக நுழையும்போது, பெட்டியின் எடையைப் பக்கத் தாங்கிகள் வாங்கிக்கொள்ளும். எடை இறங்கிய சக்கரத்தின் பூட்டு திறக்கும். வழிகாட்டித் தண்டு சக்கரத்தைப் புது அளவுக்குத் தள்ளும். பூட்டு மறுபடி விழும். ரயில் நிற்காமலே மறுபுறம் வந்துவிடும். பூட்டு முழுதாக விழாத சக்கரம் ஒன்று வெளியே போய்விட்டால் தடம்புரளும். எனவே இந்த அமைப்பில் அழுக்கு, பனிக்கட்டி, தேய்மானம் மூன்றையும் ஓயாமல் கவனிக்க வேண்டும்.

ஒரே ஸ்லீப்பரில் மூன்றாவது தண்டவாளம் போடுவது இன்னொரு வழி. வியட்நாமில் ஹனோயிலிருந்து சீன எல்லைக்குப் போகும் பாதை 1000, 1435 இரண்டுக்கும் இப்படி அமைந்தது. வங்கதேசத்திலும் 1000, 1676 சேர்ந்த பாதைகள் உண்டு. இதற்கு ஒரு நிபந்தனை: இரு அளவுகளுக்கும் போதிய வித்தியாசம் வேண்டும். தண்டவாளத்தின் அடிப்பாகம் சுமார் 150 மி.மீ. அகலம். 1520-க்கும் 1435-க்கும் வித்தியாசம் 85 மி.மீ.தான், மூன்றாவது தண்டவாளத்துக்கு உட்கார இடமே இல்லை. அங்கே நான்கு தண்டவாளம் போட வேண்டிவரும். இடம் இருந்தாலும் தொல்லை தீராது. ஒரு தண்டவாளம் பொதுவாக இருப்பதால் இரண்டு வண்டிகளின் நடுக்கோடும் ஒன்றாக வராது. 1676, 1000 சேர்ந்த பாதையில் 338 மி.மீ. விலகும். பிளாட்பாரத்துக்கும் படிக்கும் நடுவே அந்த அளவுக்கு இடைவெளி மாறும். இரு அளவு ரயில்களும் ஏறும் பொதுத் தண்டவாளம் மற்றவற்றைவிட வேகமாகத் தேயும். பாதை பிரியும் பாயிண்டுகளோ சிக்கலின் உச்சம்.

அளவையே மாற்றிவிட்டால்?

அகலத்தைக் குறைப்பது எளிது, கூட்டுவது கடினம். குறைக்கும்போது ஏற்கெனவே உள்ள நீளமான ஸ்லீப்பரிலேயே ஒரு தண்டவாளத்தை உள்ளே நகர்த்தி அடித்தால் போதும். கூட்டுவதென்றால் பழைய ஸ்லீப்பர் குட்டையாகிவிடும். இந்திய அகலப்பாதையின் கான்கிரீட் ஸ்லீப்பர் 2.75 மீட்டர் நீளம். மீட்டர் பாதை ஸ்லீப்பரின் நீளம் அதற்குக் கிட்டவும் வராது. ஸ்லீப்பர், ஜல்லி, மண்மேடு, பாலம், பிளாட்பாரம் என்று எல்லாமே புதிதாக வேண்டும். 1992-இல் இந்திய ரயில்வே மீட்டர் பாதைகளை அகலமாக்கும் திட்டத்தைப் பெரிய அளவில் தொடங்கியபோது பல தடங்களில் மாதக்கணக்கில், சிலவற்றில் ஆண்டுக்கணக்கில் ரயிலை நிறுத்த வேண்டியிருந்தது இதனால்தான்.

குறைப்பதை எவ்வளவு வேகமாகச் செய்யலாம் என்பதற்கு 1886-இல் அமெரிக்கத் தென்மாநிலங்கள் காட்டியது அருமையான எடுத்துக்காட்டு. அங்கே ஐந்தடிப் பாதைகள் ஆயிரக்கணக்கான மைல் கிடந்தன. வாரக்கணக்கில் முன்னேற்பாடு நடந்தது: தண்டவாளம் நகரப்போகும் இடத்தில் கட்டையைச் செதுக்கி மட்டமாக்கினார்கள், புது இடத்துக்கான உள் ஆணிகளை முன்கூட்டியே அடித்து வைத்தார்கள், பழைய ஆணிகளில் ஓட்டத்துக்கு அவசியமில்லாதவற்றைப் பிடுங்கினார்கள். மே 31, ஜூன் 1 என்ற இரண்டே நாளில் எங்கும் ரயிலை நிறுத்திவிட்டு, ஒரு பக்கத் தண்டவாளத்தை 3 அங்குலம் உள்ளே தள்ளி வெளி ஆணியை அடித்து முடித்தார்கள். எஞ்சின், பெட்டிகளின் சக்கரங்களையும் அதே நாட்களில் அச்சில் உள்ளே தள்ள வேண்டியிருந்தது. அவர்கள் வந்து நின்றது 4 அடி 9 அங்குலம். பக்கத்து 4 அடி 8½-க்கும் அதற்கும் உள்ள அரை அங்குலம் தொந்தரவு தரவில்லை.

ஸ்பெயினில் இப்போது நிதானமான வேறொரு முறையைக் கையாள்கிறார்கள். பழைய 1668 பாதைகளில் ஸ்லீப்பர் மாற்றும்போது, 1668, 1435 இரண்டுக்கும் பிடிப்பான் துளை வார்க்கப்பட்ட கான்கிரீட் ஸ்லீப்பரைப் போடுகிறார்கள். தண்டவாளம் இன்றைக்கு 1668 துளையில் பூட்டப்பட்டிருக்கும். 1435 துளைகள் மூடியபடி பக்கத்திலேயே காத்திருக்கும், அந்தத் தடத்துக்கு முறை வரும் வரை.